மணிக்கட்டு வலி, விரல் மரப்பு: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கையில் வரும் வலி, மரப்பு, இறுக்கம் எல்லாவற்றையும் சேர்த்து ஆர்.எஸ்.ஐ. என்கிறார்கள். மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்குள்ள பாதுகாப்புக் குழுவிலும் இருக்கிறேன். என் வலது கையிலும் இந்தத் தொல்லை உண்டு, அதோடுதான் தினமும் வேலை நடக்கிறது. குழுவிடம் வருகிற ஆப்பரேட்டர்கள், லிட்டில் இந்தியாவில் பிளவுஸ் தைக்கிற, பூ கட்டுகிற தெரிந்தவர்கள் என்று பலரும் இதில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துவிட்டேன்.

அவர்கள் செய்கிற காரியங்கள் பெரும்பாலும் சரியானவைதான். வரிசைதான் தலைகீழாகப் போய்விடுகிறது. வலி வந்த வாரமே யூடியூப் பார்த்துப் பயிற்சி, அப்புறம் விலை கூடிய மவுஸ், அப்புறம் சுளுக்கு எடுப்பவர், விரல் மரத்துப் போன பிறகு டாக்டர். வேலையில் வலியைக் கிளப்புகிற அசைவு மட்டும் அப்படியே இருக்கும். அதனால் கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை: ஒரு பள்ளிக்கூட நோட்டு, உள்ளே உலோகப் பட்டை வைத்த, மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் ஒரு ஸ்ப்ளிண்ட் உறை (மருந்துக்கடையில் கிடைக்கும்), ஒரு துண்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். வேறு எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

1. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் உண்டா என்று பாருங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இவற்றில் ஒன்று இருந்தால் கீழே உள்ள எதையும் செய்து நாளைக் கடத்தக் கூடாது.

மரப்பு வந்து வந்து போகாமல் நாள் முழுக்க நிலையாக நிற்பது. கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு மற்ற கையைவிடச் சூம்பித் தெரிவது. பிடித்த டம்ளர் கையிலிருந்து நழுவுவது. இவை மூன்றும் நரம்பு நெடுநாளாக நசுங்கியிருப்பதைக் காட்டும். சூம்பிய சதை சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே போங்கள். இரண்டு கையும் மரத்து, நடையும் தடுமாறினால் பிரச்சினை கழுத்தில் இருக்கக்கூடும், அதையும் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சு இறுக்கத்தோடு இடது கை வலித்தால் ஸ்ப்ளிண்ட் தேடிக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

2. எங்கே என்பதைத் துல்லியமாகக் குறியுங்கள்

"கை வலிக்கிறது" என்பது போதாது. ஒவ்வோர் இடத்துக்கும் செய்ய வேண்டியது வேறு. நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் கையை வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து, வலிக்கும் இடத்தைக் கட்டமிட்டும் மரக்கும் இடத்தைப் புள்ளி வைத்தும் காட்டுங்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி. இவை மட்டும் மரத்தால், அதுவும் இரவில் எழுப்பிவிட்டு, கையை உதறினால் குறைந்தால், மணிக்கட்டுக்குள் இருக்கும் குறுகிய வழியில் நடுநரம்பு நசுங்குகிறது என்று பெரும்பாலும் பொருள். கார்ப்பல் டனல் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் போனைக் காதில் வைத்திருக்கும்போதும் கூடும். பினாங்குப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கை மரத்துவிடுகிறது என்று பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த வகை.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் நரம்பு நசுங்குவது பெரும்பாலும் முழங்கையில். மணிக்கட்டுக்கு ஸ்ப்ளிண்ட் போட்டு இதற்குப் பயன் இல்லை. முழங்கையை மடக்கியே தூங்குவது, மேசை விளிம்பில் ஊன்றுவது இரண்டையும் நிறுத்த வேண்டும். இரவில் துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டினால் அது முழுக்க மடங்காது.

கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் வலித்து, குழந்தையைத் தூக்கும்போது சுள்ளென்று இழுத்தால் கட்டைவிரல் தசைநாணின் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) உறை தடித்திருக்கிறது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கு இது அதிகம். முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வலித்து, கெட்டில் தூக்கவும் கதவுக் குமிழைத் திருகவும் கஷ்டமானால் அது டென்னிஸ் எல்போ. ஸ்குரூ டிரைவர் பிடிப்பவர்களுக்கும், ரொட்டி சானாய்க்கு மாவு பிசைந்து வீசுகிறவர்களுக்கும் இது வரும். டென்னிஸ் மட்டையைத் தொட்டிருக்கவே வேண்டாம். காலையில் ஒரு விரல் மடங்கியபடி சிக்கிக்கொண்டு 'டக்'கென்று விடுபட்டால் அது டிரிகர் ஃபிங்கர். கத்தரிக்கோல் பிடிக்கிறவர்களிடம் பார்க்கிறேன்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழ்நோக்கி இருக்க, ஒரு நிமிடம் நில்லுங்கள். நடுநரம்பு விரல்கள் மரத்தால் சந்தேகம் வலுக்கிறது. மரக்கவில்லை என்றாலும் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

3. அன்றிரவே மணிக்கட்டை நேராக வையுங்கள்

நடுநரம்பு வகைக்கு இது முதல் மருந்து. தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கிப் படுத்துவிடுகிறோம். மடங்கிய மணிக்கட்டில் அந்தக் குறுகிய வழிக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஸ்ப்ளிண்ட் வலியை எடுக்கிற கருவி கிடையாது. மடங்காமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதைப் போடுகிற விதத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

லிட்டில் இந்தியாவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா மூன்று வாரம் விடாமல் போட்டுவிட்டு, "தம்பி, இதைப் போட்டும் ராத்திரி எழுப்புதே, இன்னும் மோசமாத்தான் இருக்கு" என்றார். கழற்றித் தரச் சொல்லிப் பார்த்தேன். உள்ளங்கைப் பக்கம் ஒரு உறைக்குள் இருந்த அலுமினியப் பட்டை மேல்நோக்கி நன்றாக வளைந்திருந்தது. கடையில் விற்கும் பலவும் அப்படி வளைந்தபடிதான் வருகின்றன. அதைப் போட்டால் மணிக்கட்டு இரவு முழுக்கப் பின்பக்கம் மடங்கியே கிடக்கும். அதுவும் அழுத்தத்தை ஏற்றும். பட்டையை உருவி எடுத்து, வெட்டு மேசையின் விளிம்பில் வைத்து அமுக்கி நேராக்கினேன். திரும்பச் செருகிப் போட்டபோது நடுவிரலிலிருந்து முன்கை வரை ஒரே கோடாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்னும் மூன்று விஷயங்கள் பாருங்கள். ஸ்ப்ளிண்ட்டின் முன்விளிம்பு உள்ளங்கையின் குறுக்குக் கோட்டுக்குக் கீழேயே நிற்க வேண்டும், இல்லையென்றால் விரல்களை மடக்க முடியாமல் காலையில் இறுகிப்போகும். ஒட்டுப் பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கிக் கட்டினால் நீங்களே நரம்பை அமுக்குகிறீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்து அரிக்கும். பழைய காட்டன் சாக்ஸின் நுனியை வெட்டி உள்ளே போட்டுக்கொள்ளுங்கள்.

குறைந்தது ஆறு வாரம், ஒவ்வோர் இரவும். நான்கு நாள் போட்டுவிட்டு "பலன் இல்லை" என்று கழற்றி எறிவது இரண்டாவது பெரிய தவறு. அதற்கு நேர்மாறாகப் பகலிலும் போட்டுக்கொண்டே தட்டச்சு செய்வது மூன்றாவது. அசையாத மணிக்கட்டுக்கு ஈடாகத் தோளும் முழங்கையும் வளைந்து வேலை செய்து, வலி மேலே ஏறிவிடும்.

தசைநாண் வலிக்காரர்களுக்கு ஸ்ப்ளிண்ட் இரண்டாம் பட்சம். கட்டைவிரல் பக்க வலிக்கு மட்டும் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் வகை வேண்டும். சாதாரண மணிக்கட்டு வகை அதற்கு உதவாது.

4. இரண்டு வாரம் எழுதுங்கள்

நோட்டில் நான்கு பத்தி: நேரம், செய்த வேலை, எவ்வளவு நேரம், வலி 0 முதல் 10 வரை. நாளுக்கு மூன்று தடவை போதும். ஆனால் மறுநாள் காலை எழுந்தவுடன் ஒரு எண்ணைக் கண்டிப்பாக எழுதுங்கள். அந்த எண்தான் இந்த நோட்டிலேயே முக்கியமானது.

ஏனென்றால் இந்த வகை வலி தாமதமாக வருகிறது. செவ்வாய்க்கிழமை மாதக் கணக்கை முடிக்கிறீர்கள், கை நன்றாகவே இருக்கிறது. புதன்கிழமை காலை தோசை மாவு கரைக்கும்போது வலி சுரீர் என்கிறது. பழி மாவின் மேல் விழுந்துவிடும். எழுதி வைத்தால்தான் ஒரு நாள் பின்னோக்கிப் பார்த்து உண்மையான காரணத்தைப் பிடிக்கலாம்.

வேலையை மட்டும் எழுதாமல் வீட்டையும் போனையும் எழுதுங்கள். தரை துடைக்கும் மாப்பைப் பிழிவது, தேங்காய் துருவுவது, சப்பாத்தி தேய்ப்பது, படுத்துக்கொண்டு கட்டைவிரலால் ஒரு மணி நேரம் வீடியோ தள்ளுவது எல்லாம் அதே தசைநாணைத்தான் இழுக்கின்றன. நான் பார்த்த நோட்டுகளில் போன் வராத நோட்டே இல்லை.

இதே முதல் வாரத்தில் மேலதிகாரிக்கோ பாதுகாப்புக் குழுவுக்கோ ஒரு வரி எழுத்தில் அனுப்புங்கள்: எந்தத் தேதியிலிருந்து, எந்தக் கை, எந்த வேலையின்போது. வாட்ஸ்அப்பாக இருந்தாலும் சரி. காரணம் 9-ஆம் பகுதியில் வருகிறது.

5. நோட்டு காட்டிய அசைவை மாற்றுங்கள்

எந்த வேலையானாலும் தேடவேண்டியவை நான்கு: மணிக்கட்டு வளைந்திருப்பது, விரல்கள் அழுத்திப் பிடிப்பது, அதையே விடாமல் செய்வது, அசையாமல் ஒரே நிலையில் தாங்குவது. அதிர்வு இருந்தால் ஐந்து. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். வாரத்துக்கு ஒன்று மாற்றினால்தான் எது பலன் தந்தது என்று நோட்டில் தெரியும்.

*மேசை வேலை.* முதலில் நாற்காலி, பிறகு விசைப்பலகை, பிறகு மவுஸ், கடைசியில் திரை. பலர் திரையை முதலில் உயர்த்திவிட்டு அதற்கேற்ப மற்றதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள், அது ஒத்துவராது. முழங்கை பக்கவாட்டில் தொங்கும்போது அதன் உயரத்தில் விசைப்பலகை இருக்க வேண்டும். அலுவலக மேசைகள் பெரும்பாலும் 73 முதல் 75 செண்டிமீட்டர் உயரம். நம் பெண்கள் பலருக்கு அது அதிகம், தோள் தூக்கிக்கொள்ளும். மேசையை அறுக்க முடியாது, ஆகவே நாற்காலியை உயர்த்தி, கால் தொங்காமல் ஏ4 தாள் வந்த அட்டைப்பெட்டியைக் கீழே வையுங்கள். உள்ளே பழைய கோப்புகளை நிரப்பினால் அமுங்காது.

விசைப்பலகையின் பின்பக்கக் கால்களை மடக்கிவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு பின்னுக்கு மடங்கும். மெத்தை மாதிரி இருக்கும் மணிக்கட்டுத் தாங்கி தட்டுவதை நிறுத்தும்போது ஓய்வுக்கு. தட்டும்போதே அதில் ஊன்றினால் நரம்பு போகும் இடத்தையே அழுத்துகிறீர்கள்.

கணக்கு வேலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வலப்பக்க எண் பலகை மவுஸை வெளியே தள்ளிவிடுகிறது. வலது கை நாள் முழுக்கத் தோளிலிருந்து விரிந்தே நிற்கிறது. எண் பலகை இல்லாமல் நமக்குப் பிழைப்பு நடக்காது. ஆகவே மவுஸை இடது கைக்கு மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல் பார்க்கும் அரை மணி நேரம் மட்டும், பிறகு மெல்லக் கூட்டுங்கள். ஒரே நாளில் முழுக்க மாற்றினால் இடது கையும் வலியில் சேர்ந்துகொள்ளும். மடிக்கணினி என்றால் தனி விசைப்பலகை அவசியம். திரையும் விசையும் ஒட்டியிருக்கும்வரை கழுத்து அல்லது மணிக்கட்டு, ஏதாவது ஒன்று வளைந்தே தீரும். நீண்ட கடிதங்களுக்குக் குரல் தட்டச்சைப் பழகுங்கள், தமிழிலும் மலாயிலும் நன்றாகவே வருகிறது.

குளிர் இன்னொன்று. அலுவலக ஏர்கானில் விரல் விறைத்தால் அதே வேலைக்கு அதிகம் அழுத்துவோம். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

*தையலும் பூவும்.* கத்தரிக்கோலைச் சாணை பிடிப்பதுதான் இங்கே முதல் வேலை. மழுங்கிய கத்தரிக்கோல் ஒவ்வொரு வெட்டுக்கும் கூடுதல் அழுத்தம் கேட்கும். தரையில் குனிந்து வெட்டாமல் இடுப்பளவு மேசையில் வெட்டுங்கள். ஊக்கு தைப்பது, கையால் ஓரம் மடித்துத் தைப்பது இரண்டும் ஊசியை நுனிவிரலால் கிள்ளிப் பிடிக்கிற வேலை. அதை மாலையில் மொத்தமாக உட்கார்ந்து முடிக்கும் வழக்கம் உண்டு. அப்படிக் குவிக்காமல் மிஷின் வேலைக்கு நடுவே பிரித்துப் போடுங்கள். மாலை கட்டுகிறவர்கள் நாரை மடியில் வைத்து மணிக்கட்டைக் குனித்துக் கட்டாமல், முழங்கை உயரத்தில் ஒரு பலகை போட்டுக் கட்டினால் மணிக்கட்டு நேராகும்.

*உற்பத்தி வரிசை.* கையுறை அளவு சரியா என்று முதலில் பாருங்கள். பெரிய கையுறைக்குள் பிடி நழுவும், சின்னது விரலை இழுக்கும். இரண்டிலும் தேவைக்கு மேல் அழுத்துகிறோம். ட்வீசரை இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தையும் கவனியுங்கள். பொருள் நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும், அதற்கு மேல் போகிற பலமெல்லாம் வீண்.

சுழற்சி முறையில் வேலை மாற்றித் தருகிறோம் என்று லைன் லீடர்கள் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் ஸ்குரூ முடுக்குவதிலிருந்து ஒயர் நசுக்கிப் பொருத்துவதற்கு மாற்றினால் தசைக்கு அது அதே வேலை. கிள்ளிப் பிடிக்கிற வேலையிலிருந்து கண்ணால் பார்க்கிற வேலைக்கோ தள்ளுவண்டிக்கோ மாற்றுவதுதான் மாற்றம். இதைக் கேட்டு வாங்குங்கள்.

*வீடும் மோட்டாரும்.* மாப் துணியைக் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தால் மணிக்கட்டைத் திருக வேண்டாம். வாணலியை இரண்டு கையால் தூக்குங்கள். குழந்தையைக் கட்டைவிரலை விரித்து அக்குளில் கோர்த்துத் தூக்காமல், உள்ளங்கையை அடியில் கொடுத்து அள்ளித் தூக்குங்கள். மோட்டாரில் ஆக்சிலேட்டர் பிடியை மேலிருந்து பிடித்துத் திருகும்போது மணிக்கட்டு கீழே மடங்குகிறது. கை வைக்கும்போதே சற்று முன்னால் வைத்துப் பிடித்தால் திருகியபின் நேராக நிற்கும்.

6. இடைவேளையைச் சிறிதாக, அடிக்கடி எடுங்கள்

இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். கையைத் தொங்கவிட்டு, விரலை விரித்து மூடி, தோளைச் சுற்றினால் போதும். இறுகி நிற்கும் தசைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. மூன்று மணி நேரம் கழித்து வரும் நீண்ட இடைவேளை அதை ஈடுகட்டாது.

மலேசியாவின் வேலைச் சட்டம் 1955-இன்படி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது, குறைந்தது 30 நிமிடம் தர வேண்டும். அது சாப்பாட்டுக்கான அளவு. கைக்கு வேண்டிய சின்ன இடைவேளைகள் அதற்கு மேல். அவற்றை நீங்களும் உங்கள் மேற்பார்வையாளரும் பேசித்தான் ஏற்படுத்த வேண்டும்.

இடைவேளையில் போனை எடுப்பவர்களுக்குக் கை ஓயவே இல்லை.

7. இப்போதுதான் பயிற்சி

நோட்டில் காலை எண் ஒரு வாரமாக ஏறாமல் நிற்கும்போது தொடங்குங்கள். அதற்கு முன் தொடங்கினால், ஏற்கெனவே தாங்க முடியாத அளவுக்கு இழுக்கப்படும் தசைநாணுக்கு இன்னொரு சுமைதான். ஒரேயடியாகக் கையைக் கட்டிப்போட்டு ஓய்வு கொடுப்பதும் தவறு. வாரக்கணக்கில் சும்மா விட்டால் தசைநாண் பலவீனமாகி, வேலைக்குத் திரும்பியதும் முன்பைவிடச் சீக்கிரம் வலிக்கும்.

நடுநரம்பு வகைக்கும் டிரிகர் ஃபிங்கருக்கும்: விரல்களை நேராக நீட்டுங்கள், கொக்கி மாதிரி நுனியை மட்டும் மடக்குங்கள், திரும்ப நீட்டி முழு முஷ்டி, திரும்ப நீட்டி விரல்கள் உள்ளங்கையைத் தொடும்படி தட்டையாக மடக்குங்கள். மெதுவாக ஐந்து முறை, நாளுக்கு மூன்று வேளை. தசைநாண்கள் உறைக்குள் தடையின்றி நகர இது உதவும்.

டென்னிஸ் எல்போவுக்கு அந்த அரை லிட்டர் பாட்டில். முன்கையை மேசையில் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழே பார்க்க, பாட்டிலைப் பிடியுங்கள். மற்ற கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் மட்டும் நான்கு எண்ணும்வரை மெல்ல இறக்குங்கள். பத்து முறையில் தொடங்கி, வாரக்கணக்கில் பதினைந்து பதினைந்தாக மூன்று தடவைக்கு வாருங்கள். முதலில் பாட்டிலில் பாதித் தண்ணீர் போதும். தசைநாண் மெல்லத்தான் பலப்படும். மூன்று மாதம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யும்போது 3 அல்லது 4 வரை வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை எண் முந்தைய நாளைவிட ஏறியிருந்தால் பாதியாகக் குறையுங்கள். மரப்பு கூடினால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள்.

உருவி விடுவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தோளிலும் முன்கையின் தடித்த சதையிலும் மென்மையாகத் தேய்த்துவிட்டால் சுகமாக இருக்கும், செய்யலாம். சுளுக்கு எடுக்கிறேன் என்று மணிக்கட்டைத் திருகிச் சொடுக்குவதையும், மரக்கிற இடத்தைக் கட்டைவிரலால் ஊன்றி அமுக்குவதையும் அனுமதிக்காதீர்கள். நசுங்கிய நரம்பை இன்னும் நசுக்குகிற வேலை அது. சூடு கிளப்பும் தைலம் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். அதைத் தடவிக்கொண்டு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) செய்யப் போவதுதான் ஆபத்து.

8. டாக்டரிடம் எப்போது, என்ன எடுத்துப் போவது

ஆறு வாரம் இவற்றைச் செய்தும் எண் இறங்கவில்லை என்றால் போங்கள். நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், கர்ப்பம் இருந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். இவை நரம்பு நசுங்குவதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. நீரிழிவு டிரிகர் ஃபிங்கருக்கும் வழி விடும். கடைசியாகச் சர்க்கரை எப்போது பார்த்தோம் என்பது நினைவில் இல்லாதவர்கள் இதோடு அதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதத்தோடு மருத்துவமனை நிபுணர் கிளினிக்குக்குப் போனாலும் கட்டணம் குறைவுதான். நிபுணரிடம் நாள் கிடைக்க நேரமாகலாம், ஆகவே கடிதத்தைத் தாமதிக்காமல் கேளுங்கள். நோட்டையும் கையின் படத்தையும் காட்டுங்கள். "வலிக்குது டாக்டர்" என்றால் மாத்திரையும் எம்சியும்தான் (மருத்துவ விடுப்புச் சீட்டு) கிடைக்கும். "இந்த மூன்று விரல், இரவு இரண்டு மணிக்கு, ஆறு வாரம் ஸ்ப்ளிண்ட் போட்டிருக்கிறேன், இந்த வேலை செய்கிறேன்" என்றால் பேச்சே மாறும்.

வலி மாத்திரைகளில் சில வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். நீரிழிவோ அழுத்தமோ உள்ளவர்கள் மருந்துக்கடையில் தாமாக வாங்கி வாரக்கணக்கில் விழுங்க வேண்டாம். அதே மருந்து மேலே தடவும் ஜெல்லாகக் கிடைக்கிறது. அதைப் பற்றிக் கேளுங்கள்.

நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்க்க நரம்புக் கடத்தல் சோதனை செய்யச் சொல்லலாம். ஸ்டீராய்டு ஊசி பலருக்குச் சில மாதம் நிம்மதி தரும். அந்த நிம்மதியில் பழைய வேலை முறைக்கே போனால் வலியும் திரும்பும். ஊசி போட்ட காலத்தை 5-ஆம் பகுதிக்குப் பயன்படுத்துங்கள். சதை சூம்பத் தொடங்கியவர்களுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல. மணிக்கட்டில் அந்த வழியின் கூரையாக இருக்கும் தசைநாரை வெட்டி இடம் ஏற்படுத்துகிறார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வரலாம்.

9. வேலையிடத்திலும் பெர்கேசோவிலும்

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994 இருக்கிறது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு ஐந்து பேரோ அதற்கு மேலோ இருக்கும் சிறிய இடங்களிலும் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். "சின்னக் கடை, இதெல்லாம் நமக்கு எதற்கு" என்ற பேச்சுக்கு இனி இடம் இல்லை.

குழுவிடம் போகும்போது புகாராகப் போகாதீர்கள். வேலையிட எர்கோனமிக் அபாய மதிப்பீட்டுக்கு (வேலை செய்யும் விதத்தால் உடலுக்கு என்ன கேடு என்று பார்ப்பது) வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபி 2017-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, அதில் தொடக்கச் சோதனைப் பட்டியல் உண்டு. "என் இடத்துக்கு அந்த மதிப்பீட்டைச் செய்து தாருங்கள்" என்று கேளுங்கள். குழுவில் இருந்து சொல்கிறேன், இப்படி வருகிற கோரிக்கையை ஒதுக்கிவைக்க முடியாது. செய்தோமா இல்லையா என்று பதில் எழுதியே ஆக வேண்டியிருக்கிறது.

பெர்கேசோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டுகிறவர்களுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விபத்துக்கு மட்டுமின்றி, வேலையால் வரும் நோய்க்கும் பாதுகாப்பு உண்டு. அதில் எல்லாமே வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டுவதில் நிற்கிறது. முதல் வாரத்தில் அனுப்பிய அந்த ஒரு வரி, தேதி போட்ட நோட்டு, டாக்டர் எழுதிய நோயின் பெயர், உங்கள் வேலை விவரம் ஆகிய நான்கும் சேர்ந்தால் அலுவலகத்தில் நின்று பேசலாம். நோயின் பெயர் இல்லாமல் 'கை வலி' என்று மட்டும் இருக்கும் எம்சிகள் எத்தனை இருந்தாலும் அதற்கு உதவாது. கிராப் ஓட்டுகிறவர்களுக்கும் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனித் திட்டம் இருக்கிறது. வலி வருவதற்கு முன்பே பதிந்துகொள்ள வேண்டும்.

எம்சியைப் பற்றி ஒன்று. ஊதியத்தோடு கூடிய நோய் விடுப்பு ஆண்டுக்கு, பணிக்காலம் இரண்டு ஆண்டுக்குள் என்றால் 14 நாள், இரண்டு முதல் ஐந்துக்குள் 18, அதற்கு மேல் 22. அதை ஒவ்வொரு நாளாகச் செலவழித்துத் தீர்ப்பதைவிட, "ஆறு வாரத்துக்கு முடுக்கும் வேலை வேண்டாம்" என்று டாக்டரிடம் இலகு வேலைக் குறிப்பு வாங்குவது கைக்கு நல்லது.

10. வலி மறுபடி கிளம்பும்போது

கிளம்பும். வருடத்தில் எப்போது என்பதுகூடத் தெரியும்: கணக்குப் பிரிவுக்கு ஆண்டு முடிவு, பூக்கடைக்குத் தைப்பூசம், தையலுக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள்.

கிளம்பிய நாளில் நிறுத்திவிடாமல் வேலையைப் பாதியாக்குங்கள். இரவு ஸ்ப்ளிண்ட் திரும்ப வரட்டும். பயிற்சியை இரண்டு மூன்று நாள் நிறுத்தி, பிறகு பழைய அளவில் பாதியில் தொடங்குங்கள். பனிக்கட்டியா, வெந்நீரா என்றால் எது இதமோ அது. மரத்த தோலில் இரண்டையுமே கவனமாக வையுங்கள், சுட்டாலும் தெரியாது.

நெருக்கடிக்கு முன்பே திட்டமிட முடிகிறவர்கள் திட்டமிடுங்கள். மேலே சொன்ன தையல் கடை அக்கா இப்போது தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ஒரு தாளில் நாளுக்கு இத்தனை பிளவுஸ் என்று கட்டம் போட்டு ஒட்டிவிடுகிறார். கை நன்றாக இருக்கும் நாளில் எத்தனை முடியுமோ அதில் முக்கால்வாசிதான் கட்டத்தில் இருக்கும். ஊக்கும் ஓரமும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கூலிக்குப் போய்விடும். கட்டம் நிறைந்ததும் துணி வாங்குவதில்லை. தெரிந்தவர்கள் கெஞ்சினாலும் பக்கத்துக் கடையைக் கை காட்டிவிடுகிறார். கூலி கொடுப்பதில் வருமானம் கொஞ்சம் குறைகிறது என்று அவரே சொல்கிறார். ஆனால் தீபாவளி முடிந்ததும் ஒரு மாதம் கடையை மூடிவைக்கும் நிலை இப்போது வருவதில்லை.